சமூகப்பணி படிக்க மலை இறங்கணுமா? ஊட்டியா, சென்னையா, இக்னோவா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள், நீலகிரியில் பந்தலூர் பக்கத்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்களை மாதிரி சமூகப்பணி வேலைதான் எனக்கும் வேணும். ஊட்டியிலயே பி.ஏ. சேர்ந்துடவா, இல்ல மெட்ராஸ் போய் சமூகப்பணியிலயே பட்டம், பி.எஸ்.டபிள்யூ. படிக்கவா?" என்றாள். அம்மாவின் யோசனை வேறு. வீட்டிலிருந்தே இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் படித்தால் செலவும் குறையும், பெண்ணும் கண்ணெதிரே இருப்பாள்.

வருஷா வருஷம் யாராவது வந்து கேட்கிற கேள்விதான். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வருடக் கணக்கு. ஊட்டியில் பி.ஏ. 3 ஆண்டு, அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) 2 ஆண்டு. சென்னையில் பி.எஸ்.டபிள்யூ. 3 ஆண்டு, அப்புறம் அதே எம்.எஸ்.டபிள்யூ. 2 ஆண்டு. இரண்டுமே ஐந்துதான். எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் "பி.ஏ. படிச்சா வழி அடைஞ்சிடுமோ" என்ற பயம் வேண்டாம். முதல் மூன்று வருடம் உங்களை எங்கே நிறுத்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் ஊட்டி வழியாக வந்தவள். 1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களா இருக்கிற அதே மேட்டில் இருக்கிறது. வரலாறு படித்தேன். குறை சொல்ல மாட்டேன். இந்த மலையில் ஜன்மம் நிலம் (பழைய பரம்பரை நிலவுரிமை) என்றால் என்ன, யார் யாரை எப்போது இறக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் புரிந்தது. செலவு குறைவு, சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட யாருடைய வீட்டு வாசலிலும் நின்று "உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?" என்று கேட்டதில்லை.

அதன் விலை கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தபோது தெரிந்தது. பிளாக் பிளேஸ்மென்டுக்காக (தொடர் களப்பயிற்சி) கூடலூர் பக்கம் பணியர் பழங்குடியினர் வாழும் ஒரு பாடிக்குப் போனேன். சொந்த ஊர்ப்பக்கம்தானே என்று தைரியம். மூன்று நாள் போனேன். வீடுகளில் சின்னப் பிள்ளைகளும் ஒரு பாட்டியும் மட்டுமே. ரிப்போர்ட்டில் "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினேன். வழிநடத்திய ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "நீ போனது எத்தனை மணிக்கு?" காலை பதினொன்றுக்குப் போயிருக்கிறேன். அந்த நேரத்தில் எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள், இலையை எடை போட்டுவிட்டுத் திரும்பச் சாயங்காலம் ஆகும். தேயிலைக்காட்டு ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போனேன். அடுப்பு மூட்டிக்கொண்டே பேசினார்கள்.

பி.எஸ்.டபிள்யூ. படிப்பவருக்கு அந்தச் சிவப்பு மை பதினெட்டு வயதிலேயே கிடைத்துவிடுகிறது. சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது. அங்கே இளங்கலையிலேயே சமூகப்பணி இருக்கிறது. பொதுவாக இந்தப் படிப்பில் வாரத்தில் ஓரிரு நாள் களப்பணி. ஒரு ஆளோடு வேலை செய்வது, ஒரு குழுவோடு வேலை செய்வது, ஒரு ஊரையே ஒன்று சேர்ப்பது என்று மூன்றையும் தனித்தனியாகப் பழக்குகிறார்கள். போய்வந்ததை எழுத வேண்டும், எழுதியதை வைத்து ஆசிரியர் உட்கார்த்திக் கேள்வி கேட்பார். நடுவில் ரூரல் கேம்ப்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. பந்தலூரிலிருந்து பஸ் மாறி மாறி மேட்டுப்பாளையம் இறங்கி, ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் காலையில்தான் சென்னை. ஹாஸ்டல் செலவு உண்டு. வெயில் முதல் மாதம் படுத்தி எடுக்கும். களப்பணிக்கு அனுப்புகிற எல்லா இடமும் கற்றுத் தரும் என்றும் சொல்ல முடியாது. கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது என்னை முதல் செமஸ்டர் முழுக்க ஒரு தொண்டு நிறுவனத்தில் பில் ஒட்ட வைத்தார்கள். துறையில் போய்ச் சொல்லத் தெரியாமல் ஆறு மாதம் வீணானது. அப்படி நடந்தால் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒன்று சொன்னேன். உன் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். சென்னையில் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பம் ஒன்றோடு நீ உட்கார்ந்து பேசினால், பாடப்புத்தகம் சொல்லாததெல்லாம் உனக்குக் கேட்கும்.

மூன்று வருடத்தோடு நிறுத்திச் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் பி.எஸ்.டபிள்யூ.வுக்கே என் ஓட்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர் இடத்துக்குப் பட்டம் போதும். அதில் சமூகப்பணி படித்தவருக்கு முன்னுரிமை. மருத்துவமனையிலோ மனநலத்திலோ வேலை வேண்டும் என்றால் எப்படியும் எம்.எஸ்.டபிள்யூ. தேவை. எஸ்டேட்டில் நல அலுவலர் ஆகும் ஆசை இருந்தாலும் (300 தொழிலாளர் இருந்தால் ஒருவரை வைக்கச் சொன்னது 2025 வரை நடப்பில் இருந்த 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம்) மேற்படிப்பு கைகொடுக்கும். சென்னையில் தங்கிப் படிக்கப் பணம் போதாது, இந்தத் துறை ஒத்துவருமா என்று பிள்ளைக்கே இன்னும் தெரியவில்லை என்றால் ஊட்டிதான் சரி. ஒரே ஒரு நிபந்தனை: லீவில் சும்மா இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிச் சமூகங்களும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. கூடலூரில் அக்கார்ட், கோத்தகிரியில் கீஸ்டோன் என்று பல பத்தாண்டுகளாக அவர்களோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள், கூட நடக்க அனுமதி கேளுங்கள்.

இக்னோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 3 வருடத்தில் முடிக்கலாம், 6 வருடம் வரை இழுக்கலாம். ஏற்கெனவே அங்கன்வாடியிலோ சுகாதாரத் திட்டத்திலோ வேலை பார்க்கிற அக்காக்களுக்கு இது அருமையான வழி; அவர்களிடம் களம் இருக்கிறது, பட்டம்தான் இல்லை. பள்ளி முடித்த பிள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன். பாடம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். களப்பணி உண்டு என்றாலும் வாராவாரம் துரத்திக் கேட்க ஆள் இருக்காது. இன்னொன்று, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. அம்மா அதைக் கேட்டதும்தான் இக்னோ பேச்சை விட்டார்.

அந்தப் பெண் சென்னைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், ஊட்டிக்கும் ஒன்று. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேருவதற்கு முன் அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்துக் களப்பணி நோட்டைக் காட்டச் சொல் என்று அனுப்பினேன். பக்கங்களைப் புரட்டினால் சிவப்பு மை இருக்கிறதா, வெறும் கையெழுத்துத்தானா என்று தெரிந்துவிடும்.