ஆறு சனிக்கிழமை, 3,500 ரூபாய்: பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போய் வந்த கதை

பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் பதினொரு வருஷம் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவன் நான். இப்போது கணியம்பாடி பக்கம் ஒரு இல்லத்தில் வேலை. அறிவுசார் குறைபாடுள்ள பதினான்கு ஆண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். சின்னவருக்கு 19 வயது, பெரியவருக்கு 52. சேர்ந்த அன்று, "கூடவே இருந்து பாத்துக்கோ" என்றார்கள். என் டிரெயினிங் அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்து வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சிக்கு அனுப்பினார்கள். கட்டணத்தில் பாதியை இல்லமே கட்டியது. குறையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை.

முதல் சனிக்கிழமை தண்டம். குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் மதியம் வரை இங்கிலீஷ் ஸ்லைடு. பக்கத்தில் குடியாத்தத்து அக்கா ஒருவர், "தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று காதருகே கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல!

இரண்டாவது வாரம் வந்த டீச்சரம்மாதான் கட்டின காசுக்கு வேலை செய்தார். சிறப்புப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரையும் இரண்டு கையிலும் தடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு சட்டைப் பொத்தான் போடச் சொன்னார். எதிரில் இருப்பவர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான்காவது பொத்தானில் நான் சாக்ஸைக் கழற்றி எறிந்தேன். "கோபம் வருதா? தினமும் காலையில அவருக்கும் அப்படித்தான்" என்றார். பிறகு முறையைச் சொல்லிக்கொடுத்தார். மேலிருந்து எல்லாப் பொத்தானையும் நாம் போட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவருக்கு விட வேண்டும். அது பழகிய பிறகு கடைசி இரண்டு. எப்போதும் வேலையை முடிப்பது அவர் கையாக இருக்க வேண்டும். ஒரு முறை சொல்லிவிட்டால் மனசுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்கக் கூடாது. நாங்கள் அந்தப் பத்துக்குள் "நீட்டு, நீட்டுப்பா, நீட்டுன்னு சொல்றேன்ல" என்று மூன்று முறை கத்தியிருப்போம்.

சோறு ஊட்டுவதிலும் அப்படித்தான். ஒருவர் நின்றுகொண்டு ஊட்ட, இன்னொருவர் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டோம். நின்று ஊட்டினால் தலை பின்னால் போகிறது, தொண்டை அடைக்கிறது. சரிசமமாக உட்கார்ந்து ஊட்டினால் முகவாய் தாழ்ந்தே இருக்கிறது. மூன்று வருஷமாக நான் நின்றுதான் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

வலிப்பு வகுப்பில்தான் பெரிய சண்டை. வலிப்பு வந்தால் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிஷத்தில் தானாகவே நிற்கும், பேர் சாவிக்குப் போகிறது என்றார் வந்திருந்த நர்ஸ். ஒருக்களித்துப் படுக்க வை, தலைக்குக் கீழே துணியை மடித்து வை, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. பாதிப் பேர் நம்பவில்லை. நான் நம்பினேன்; ஆனாலும் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

எனக்கு நேரடியாகப் பயன்பட்டது நாற்பது பக்க நோட்டு ஒன்று. 'வெறி பிடிச்சிடுச்சு' என்று எழுதக் கூடாது. அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம், இவ்வளவுதான் எழுத வேண்டும். எங்கள் இல்லத்தில் ஓர் அண்ணன், வயது 38, திடீரென்று தட்டை வீசுவார், காதில் அறைந்துகொள்வார். மூன்று வாரம் எழுதிப் பார்த்தேன். எல்லாமே புதனும் சனியும். அன்றுதான் தண்ணீர் லாரிக்காரன் வந்து, சத்தமாக மோட்டார் போட்டு சம்ப்பில் இறக்குவான். இப்போது லாரி ஹாரன் கேட்டதும் அவரை டீக்கடைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போகிறேன். மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள், அது வேறு.

சட்டத்துக்கு ஒரே மணி நேரம். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடு, 2016 சட்டத்தில் 21 என்று ஓட்டிவிட்டார்கள். 18 வயது முடிந்த அறிவுசார் குறைபாடுள்ளவருக்குச் சட்டப்படி பாதுகாவலராக, பெற்றோரே ஆனாலும், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கேட்கலாம். எங்கள் 19 வயதுத் தம்பியின் அம்மாவுக்கு இரண்டுமே தெரியாது, நான்தான் போய்ச் சொன்னேன். இதற்கு ஒரு நாள் முழுக்கக் கொடுத்திருக்கலாம்.

கனமானவரைக் கட்டிலில் இருந்து எப்படித் தூக்குவது, நைட் டியூட்டியில் ஒற்றை ஆளாக என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. என் இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. முப்பத்தாறு பேர் உட்கார்ந்த அறையில் அறிவுசார் குறைபாடுள்ளவர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை.

சான்றிதழுக்காகப் போகாதீர்கள். இதை வைத்து சிறப்புப் பள்ளி வேலை கிடைக்காது, அதற்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) அங்கீகரித்த படிப்பு படித்துப் பதிவு செய்ய வேண்டும். இந்த வேலையிலேயே இருப்பவர் என்றால் தாராளமாகப் போகலாம். கடைசி நாள் பிரியாணி சுமார், கத்தரிக்காய் நன்றாக இருந்தது. முதல் சனிக்கிழமையைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை. இரண்டாவது வாரத்துக்கு மட்டும் வீட்டில் இருந்தே சாக்ஸ் கொண்டுபோங்கள்; அங்கே கொடுப்பது பத்துப் பேர் போட்டுக் கழற்றியது.