பக்கோலோடில் ஓர் இரவு: குடும்பக் கடையா, கிளைக் கடையா?

பக்கோலோடில் ஒரே ஓர் இரவு தங்குகிறவர், அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்ட இனசால் கோழியை எங்கே சாப்பிடுவது என்று முடிவுசெய்தாக வேண்டும். பிலிப்பைன்ஸின் நேக்ரோஸ் தீவில், மேற்குக் கடலோரத்தில், கரும்புக் காசில் வளர்ந்த நகரம் அது. பக்கத் தெருவில் ஒரு குடும்பமே நடத்தும், பத்து மேசைக்கு மேல் இல்லாத கரியடுப்புக் கடை ஒரு வழி. வணிக வளாகத்தில் குளிரூட்டிய கூடத்தில் இயங்கும் 'மாங் இனசால்' நிறுவனத்தின் கிளை இன்னொரு வழி. இரண்டிலும் பண்டத்தின் பெயர் ஒன்றே என்பதால் எங்கே சாப்பிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை, ஆனாலும் கிளைக் கடையைத் தள்ளிவிடச் சொல்லவும் மாட்டேன்.

இந்தப் பகுதியில் வாழும் இலோங்கோ மக்களின் ஹிலிகாய்னோன் மொழியில் 'அசால்' என்றால் நெருப்பில் வாட்டுவது, வாட்டியது 'இனசால்'. கோழியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, காடி (வினிகர்), கலமான்சி என்னும் சிறு எலுமிச்சையின் சாறு, பூண்டு, இஞ்சி, எலுமிச்சைப்புல் ஆகியவற்றில் ஊறவைத்து, மூங்கில் குச்சியில் கோத்துக் கரிக்கனலில் சுடுகிறார்கள். சுடும்போது மேலே பூசும் எண்ணெய்க்குச் செம்மஞ்சள் நிறம் தருவது அச்சுவேத்தே என்ற விதை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது, 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது. இதுவரை இரண்டு கடைகளுக்கும் பெரிய பேதம் இல்லை.

பேதம் அடுப்படியில் தொடங்குகிறது. நான் உட்கார்ந்த குடும்பக் கடையில் அடுப்பு வாசலிலேயே இருந்தது. ஊறிய பச்சைத் துண்டுகள் கேட்டவுடன்தான் கனலுக்கு ஏறின. அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைக் கடந்தவர். நுனியை நைத்துத் துடைப்பம்போல் ஆக்கிய எலுமிச்சைப்புல் கட்டொன்றைக் கிண்ணத்து எண்ணெயில் தோய்த்து, குச்சியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தோல் மீது ஒரு தடவு தடவினார். கொழுப்பு கரியில் சொட்டித் தீ குப்பென்று எழும்போது குச்சியை ஓரத்துக்கு நகர்த்திவிட்டுக் கையிலிருந்த அட்டையால் புகையை மட்டும் விசிறினார். எலும்பை ஒட்டிய சதை வேகும்வரை தோல் கருகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முழுச் சூட்சுமம். அதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். கல்லாவில் மனைவி, மேசை துடைப்பதற்கு மகன். தட்டு வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பசியோடு போகிறவருக்கு அந்த நேரம் நீளம்தான், ஆனால் வந்த கால் துண்டின் தோல் பல்லில் நொறுங்கிய பிறகு எலுமிச்சைப்புல்லின் வாசனை மூக்கில் ஏறியதை, நேரத்தோடு கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கிளைக் கடை இந்தப் பொறுமையை வேறொன்றுக்கு விற்றிருக்கிறது. 2003இல் நீரிணைக்கு அப்பால் உள்ள இலோய்லோவில் எட்கர் சியா என்ற இளைஞர் தொடங்கிய இந்த நிறுவனத்தில், 2010இல் 70 விழுக்காட்டுப் பங்கை 300 கோடி பெசோவுக்கு, அந்நாட்டின் பெரிய துரித உணவு நிறுவனமான ஜாலிபீ குழுமம் வாங்கியது. மீதி 30 விழுக்காட்டையும் 2016இல் 200 கோடிக்கு வாங்கிக்கொண்டது. இன்று நாடெங்கும் 500க்கும் மேற்பட்ட கிளைகள். அத்தனை இடத்திலும் ஒரே ருசி, ஒரே அளவு, விரைவான பரிமாறல் என்ற உறுதியைக் காப்பாற்ற வேண்டுமானால், அடுப்படியில் நிற்பவரின் கைப்பக்குவத்தை நம்பி இருக்க முடியாது. ஆகவே அங்கே இனிப்பு சற்றுத் தூக்கலாகவும் புகைவாசம் அடங்கியும் இருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அது அந்தத் தொழில்முறையின் விளைவு.

சோற்றில் கிளைக் கடைக்கே வெற்றி. குறிப்பிட்ட தட்டுகளோடு சோறு எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள். 'அன்லி ரைஸ்' என்ற இந்த ஏற்பாடு அந்நாட்டு மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. சர்க்கரை நோய்க்கு இது வழிவகுக்கிறது, தடைசெய்யலாம் என்று 2017இல் செனட்டர் சிந்தியா வில்லார் பேசப்போய், நாடே கொதித்தெழ, சட்டமெல்லாம் கொண்டுவரும் எண்ணமில்லை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நான் உட்கார்ந்த குடும்பக் கடையில் பூண்டுச் சோறு ஒவ்வொரு கிண்ணமும் தனிக் கணக்கு. குச்சிக்கும் சோற்றுக்கும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால், நன்றாகச் சாப்பிடுகிற நால்வர் குடும்பத்துக்குச் சின்னக் கடையே கூடுதல் செலவாக முடியலாம். சின்னக் கடை என்றால் மலிவு என்ற நம் ஊர் அனுமானம் இங்கே செல்லாது. சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ளும் மஞ்சள் நிறக் கோழிக்கொழுப்பு எண்ணெய் இரண்டு இடத்திலும் மேசையிலேயே இருக்கிறது. முதலில் தயங்குவீர்கள், பிறகு குப்பியைப் பக்கத்து மேசைக்குத் தரமாட்டீர்கள்.

தொட்டுக்கொள்ளும் காடியில் குடும்பக் கடை வெகுதூரம் முன்னே நிற்கிறது. சினாமாக் என்பது அதன் பெயர். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியில் மிளகாய், பூண்டு, இஞ்சி, பேரரத்தை ஆகியவற்றை முழுசாகப் போட்டுப் பழைய மதுப்புட்டியில் நாள்கணக்கில் ஊறவிடுகிறார்கள். தென்னங்கள் வினாகிரியில் சமைத்துப் பழகிய இலங்கைத் தமிழருக்கு அந்த வாசனை உடனே பிடிபடும். தீர்ந்த புட்டியில் மறுபடியும் காடியை நிரப்பி வைப்பதால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு காரம் அமைந்துவிடுகிறது. அதில் சோயாச் சாற்றைக் கலந்து, கலமான்சியைப் பிழிந்து, சிறு மிளகாயை நசுக்கிப்போட்டு அவரவர் பக்குவத்துக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையால் சாப்பிடுவது எங்கும் சகஜம். கை கழுவும் இடத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்வது மட்டும் நல்லது.

சைவ உணவுக்காரர்களுக்கு இரண்டு இடமுமே உதவாது. வெறுஞ்சோறும், கிடைத்தால் அச்சாரா என்னும் பப்பாளிக்காய் ஊறுகாயும்தான் மிஞ்சும். அச்சாரா என்ற பெயர் நம் நாட்டு அச்சாரின் வழிவந்தது என்பதில் வேண்டுமானால் ஆறுதல் அடையலாம். ஹலால் பார்ப்பவர்கள், கோழி மட்டும்தானே என்று எண்ணிவிடாமல் இரண்டு இடத்திலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். சின்னக் கடைகளில் பன்றி இறைச்சிக் குச்சியும் அதே கம்பி மீது சுடப்படலாம்.

பக்கத்துத் தீவிலுள்ள செபு நகர் வழியாக வருகிறவர்கள் மூன்றாவதாக ஒரு போட்டியைச் சொல்வார்கள். அந்நகரின் ஃபுவென்தே ஒஸ்மேன்யா வட்டத்தை ஒட்டிய லார்சியானில் கரியடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தென்னங்குருத்தில் பின்னிய கூட்டுக்குள் வேகவைத்த பூசோ என்ற சோற்றுப் பொட்டலத்தோடு, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அங்கே அரசன் பன்றி இறைச்சி, ருசி இனிப்புப் பக்கம். கோழிப் பாதம், குடல் எல்லாம் குச்சியில் ஏறும்; கோழிப் பாதத்துக்கு 'அடிடாஸ்' என்றும், உறைந்த இரத்தக் கட்டிக்குப் பழைய வீடியோ கேசட்டின் பெயரான 'பெட்டமாக்ஸ்' என்றும் அந்நாட்டுத் தெருக்கடைகள் வைத்திருக்கும் பெயர்களுக்காகவே ஒருமுறை போகலாம். இனசாலோடு அதை ஒப்பிடுவது தோசையையும் பரோட்டாவையும் ஒப்பிடுவதைப் போன்றது.

குழந்தைகளோடு படகிலிருந்து இறங்குகிறவர்கள், புகை ஒத்துக்கொள்ளாதவர்கள், கையில் ரொக்கம் இல்லாதவர்கள் தயங்காமல் வணிக வளாகத்துக்குப் போகலாம். மற்ற எல்லோரையும் நான் பக்கத் தெருவுக்கே அனுப்புவேன், அதுவும் ஏழு மணிக்கு முன்னால். நெஞ்சுத் துண்டென்றால் பெச்சோ, காலென்றால் பாஆ, ஈரலென்றால் அத்தாய் என்று சொல்லப் பழகிக்கொண்டு, அடுப்பருகே நிற்கும் பெரியவரை 'நோங்' என்றும் கல்லாவில் இருக்கும் அம்மாவை 'நாங்' என்றும் மரியாதையாக விளித்துக் கேளுங்கள். முதலில் கேட்கவேண்டியது இசோல். கோழியின் வால்பகுதியான அது கொழுப்பும் தோலும் மட்டுமே. ஒரு கோழிக்கு ஒன்றுதான், ஒரு குச்சி நிறைய நாலைந்து கோழி வேண்டும். நான் எட்டரை மணிக்குக் கேட்டபோது அந்தப் பெரியவர் விசிறியை நிறுத்திவிட்டு, தீர்ந்துவிட்டது என்று வெறும் குச்சி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.