பென்சில்வேனியா காட்டில் கேபினோடு நிலம் வாங்கப் போகிறீர்களா? முதலில் பாதையைக் கேளுங்கள்

நியூ ஜெர்சி, ஃபிலடெல்ஃபியா பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது வடக்குப் பென்சில்வேனியாவில் காட்டு நிலம் தேடுகிறார்கள். செர்ரி ஸ்பிரிங்ஸ் பூங்காவில் நட்சத்திரம் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும் வழியில் விற்பனைப் பலகையைப் பார்த்து ஆசைப்பட்டவர்களையே எனக்குச் சிலரைத் தெரியும். நானும் என் மச்சானும் பாட்டர் கவுண்டியில் 22 ஏக்கர் வாங்கினோம். மேப்பிளும் ஹெம்லாக்கும் நிறைந்த சரிவு, ஒரு சின்ன ஓடை, மரக் கேபின், சுற்றிலும் மான் நடமாட்டம். பெரிய நிலங்களை வாங்கித் துண்டு போட்டு விற்கும் ஒரு கம்பெனி விற்றது. நடுவில் ஒரு ஏஜென்ட். இரண்டு பேரும் சேர்ந்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள். வழக்கு நடப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன். ஏனென்றால் அதே மலையில் மிச்சத் துண்டுகளை அவர்கள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விளம்பரத்திலேயே ‘பத்திரப்படி பாதை உரிமை உண்டு’ என்று போட்டிருந்தார்கள். ஏஜென்ட் ஒரு வண்ண வரைபடம் கொடுத்தார். டவுன்ஷிப் சாலையிலிருந்து கேபின் வாசல் வரைக்கும் மஞ்சள் கோடு. நிலம் பார்க்கப் போனபோதும் அந்த மண் பாதையில்தான் கூட்டிப் போனார். பாதை தொடங்கும் இடத்தில் ஓர் இரும்புக் குறுக்குக் கம்பி. அதைக் கட்டியிருந்த சங்கிலியில் பாதிக்கு மேல் பூட்டுகள்தான். ஒரு பூட்டின் வளையத்துக்குள் அடுத்த பூட்டு, அதற்குள் இன்னொன்று. அந்தப் பாதையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கேம்புக்கும், அதாவது வேட்டைக் கேபினுக்கும், ஒரு பூட்டு; யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவிழ்ந்துவிடும். அதில் ஒரு பழைய பித்தளைப் பூட்டைத் திறந்து காட்டி, “இது உங்களுடையது” என்று சாவியைக் கையில் கொடுத்தார். காசு கட்டியதும் அந்தச் சாவிதான் எங்களுக்கு வந்தது.

அந்த ஊரில் துப்பாக்கி மான் வேட்டைக் காலம் 2019-லிருந்து தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் வெள்ளி மாலை, ஹீட்டர், படுக்கை, சமையல் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். சங்கிலி இருந்தது, எங்கள் பூட்டு இல்லை. மச்சான் டார்ச் அடித்து ஒவ்வொரு பூட்டாகச் சாவியைப் போட்டுப் பார்த்தார். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். மரியாதையாகத்தான் பேசினார். பாதை ஓடும் நிலம் அவர்களுடைய வேட்டை கிளப்புக்குச் சொந்தம். கேபினின் பழைய சொந்தக்காரர் கிளப் உறுப்பினர். அந்தப் பழக்கத்தில் அவருக்கு மட்டும் போய்வர அனுமதி கொடுத்திருந்தார்கள். அவர் விற்றதோடு அது முடிந்துவிட்டது. இதைக் கோடையிலேயே ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நாங்கள் நிலத்தைப் பார்த்ததோ அதற்கும் பிறகு. அதாவது, தெரிந்தேதான் எங்களிடம் மஞ்சள் கோட்டைக் காட்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரி ரூட் 6-இல் ஒரு மோட்டலில் தங்கினோம்.

கௌடர்ஸ்போர்ட்டில் உள்ள பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரங்களை எல்லாம் வக்கீல் தோண்டிப் பார்த்தார். எதிலும் பாதை பற்றி ஒரு வரிகூட இல்லை. வாய்மொழி அனுமதி வேறு, பத்திரத்தில் பதிந்த பாதை உரிமை வேறு. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், நிலம் கைமாறினால் கூடவே வராது. பதிந்த உரிமைதான் நிலத்தோடு ஒட்டியிருக்கும்.

அடுத்து அவர் சொன்னது எனக்குப் பெரிய அதிர்ச்சி. பென்சில்வேனியாவில் 21 வருஷம் தொடர்ந்து ஒரு வழியைச் சொந்தம் போலப் பயன்படுத்தினால் உரிமை கேட்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஏஜென்ட்டும் “நாற்பது வருஷமாக எல்லோரும் போகிற வழி, யாரும் தடுக்க முடியாது” என்று குறுஞ்செய்தியே அனுப்பியிருந்தார். ஆனால் வேலி போடாத காட்டு நிலத்தின் வழியாகப் போகும் பாதைக்கு அந்த விதி செல்லாது என்று 1850-லேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வேட்டை நிலம் என்றாலே வேலி இல்லாத காடுதானே! நாற்பது என்ன, நூறு வருஷம் போனாலும் பயனில்லை. வழியில்லாத நிலத்துக்குத் தனிப் பாதை திறந்து தரும்படி கேட்க 1836-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம், பொது மக்களுக்கு முதன்மையான பலன் இருந்தால் ஒழிய அடுத்தவர் நிலத்தை அப்படி எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எங்கள் கேபினுக்குப் போகும் பாதையில் பொது மக்களுக்கு என்ன பலன் என்று காட்டுவது? அந்தக் கதவும் கிட்டத்தட்ட மூடியதுதான்.

இதற்கெல்லாம் காப்பு டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது நில உரிமையில் குறை இருந்தால் ஈடு கொடுக்கும் காப்பீடு. வழக்கமான உரிமையாளர் பாலிசியில், நிலத்துக்குப் போகச் சட்டப்படி வழி இல்லாமல் போனால் இழப்பீடு உண்டு. நாங்கள் வேண்டும் என்றுதான் கேட்டோம். “பேங்க் லோன் இல்லாதபோது அது வீண் செலவு, டைட்டில் எல்லாம் பார்த்தாச்சு” என்று இரண்டு பக்க அறிக்கையை நீட்டினார்கள். அதில் இருந்தது வரி பாக்கி, கடன் பாக்கி விவரம் மட்டும். அறிக்கை வேறு, பாலிசி வேறு. ஒப்பந்தத்தில் ஸ்பெஷல் வாரன்டி பத்திரம் (தன் கையில் நிலம் இருந்த காலத்துக்காவது விற்பவர் உத்தரவாதம் தரும் பத்திரம்) தருவதாக எழுதியிருந்தார்கள். இங்கே பத்திரத்தில் விற்பவர் மட்டுமே கையெழுத்துப் போடுவார். பதிவான நகல் தபாலில் வந்தபோதுதான் தெரிந்தது, கொடுத்தது குவிட்கிளெய்ம் பத்திரம் என்று. ‘என்னிடம் ஏதாவது உரிமை இருந்தால் அதைத் தருகிறேன்’ என்பதைத் தாண்டி அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. இதைக் கேட்டதற்கு, “எழுத்தர் தவறு” என்று ஒரு வரிப் பதில். அதன் பிறகு ஃபோனை எடுப்பதே இல்லை.

கேபினைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளப்காரர்கள் இரக்கப்பட்டு, வேட்டைக் காலம் முடிந்ததும் நடந்து போய்வர அனுமதித்தார்கள். ‘செப்டிக் உண்டு’ என்று விளம்பரத்தில் இருந்ததே என்று பின்பக்கத்து மூடியைத் தூக்கினோம். கீழே தொட்டி கிடையாது. பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு துருப்பிடித்த இரும்பு டிரம் மண்ணில் புதைந்திருந்தது. கழிவு நேராகச் சரிவில் இறங்குகிறது, அதற்குக் கீழே ஓடை. டவுன்ஷிப் கழிவுநீர் அதிகாரியிடம் இந்த இடத்துக்கு அனுமதியே எடுக்கப்படவில்லை.

இன்னொன்று. வாரக்கடைசியில் வாடகைக்கு விட்டு வரியைக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த மாநிலத்தில் ‘பொழுதுபோக்குக் கேபின்’ என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் கட்டட விதிகளிலிருந்து விலக்குக் கிடைக்கும். எங்கள் கேபின் அப்படி விலக்குப் பெற்றது. அந்த விலக்கின் நிபந்தனையே, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, குடியிருப்பாக வைக்கக் கூடாது, தபால் முகவரியாகக்கூடக் கொடுக்கக் கூடாது என்பதுதான். விற்கும்போது இதை விற்பனை ஒப்பந்தத்திலும் பத்திரத்திலும் எழுத்தில் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டிலும் சொல்லவில்லை.

நிலத்தடி எரிவாயு உரிமையும் எங்களுடையது இல்லை, எப்போதோ பிரித்து விற்றிருக்கிறார்கள். எரிவாயு நிறைந்த மார்செல்லஸ் பாறையடுக்கு இருக்கும் வட்டாரம் அது. நியாயமான அளவில் மேல்நிலத்தைப் பயன்படுத்தி எரிவாயு எடுக்க அந்த உரிமைக்காரருக்குச் சட்டம் இடம் தருகிறது.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். மச்சான் இன்னும் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். “சொந்த நிலத்தில் சுட லைசென்ஸ் எதற்கு, யாரும் கேட்க மாட்டார்கள்” என்றார் அந்த ஏஜென்ட். நிலச் சொந்தக்காரர் என்பதால் மட்டும் லைசென்ஸ் இல்லாமல் மான் வேட்டையாட முடியாது. முதல்முறை எடுப்பவர் பாதுகாப்பு வகுப்பும் முடித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஃபெடரல் சட்டம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அவர் பேச்சை நம்பித் துப்பாக்கியைத் தொட்டிருந்தால் சிறையும் நாடுகடத்தலும் வரை போயிருக்கும். ஒரு குடும்பத்தின் கிரீன் கார்டையே பணயம் வைக்கும் பேச்சு அது. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு இன்னும் கோபம் அடங்காதது இதில்தான்.

இப்போது மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தில் ஏஜென்ட் மீது புகார் கொடுத்திருக்கிறோம். கம்பெனி மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு. இழப்பில் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் வாங்கித் தர அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. எங்களுக்குப் பெரிய பலம் மஞ்சள் கோடு போட்ட அந்த வரைபடமும் குறுஞ்செய்திகளும்தான். நீங்களும் ஏஜென்ட் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்கி, அழிக்காமல் வையுங்கள்.

அந்தப் பக்கம் நிலம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் பாதை உரிமை பதிவான பத்திரத்தின் புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் கேளுங்கள். சாவி, வரைபடம், செயலியில் தெரியும் எல்லைக்கோடு எதுவும் அதற்கு ஈடாகாது. உங்கள் வக்கீலை நீங்களே பிடியுங்கள், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். பாட்டர் கவுண்டியில் யாராவது உங்களிடம் மஞ்சள் கோடு போட்ட வரைபடம் நீட்டியிருந்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். அதே மலையா, அதே கம்பெனியா என்று பார்த்து உடனே சொல்கிறேன்.