சாவி டைமரோடு மூன்று ஆண்டுகள்

தக்கலையில் வீட்டிலிருந்தபடியே ஏழு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பில்களைப் பதிந்து, மாதந்தோறும் ஜிஎஸ்டி வரிக்கான விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள்ளும், வரித்தொகையைக் காட்டும் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் ஏற்றிவிட வேண்டும். மாதத் தொடக்கத்தில் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைத்த வேலை, 10ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குக் கழுத்தை நெரிக்கும்.

அப்படி ஓர் இரவு கழிந்த மறுநாள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, ஒரு பாத்திரக் கடையில் 350 ரூபாய்க்கு ஒரு சாவி டைமரை வாங்கினேன். சமையலுக்கு வைப்பது, தக்காளி வடிவம். மேல்பாதியைத் திருகினால் உள்ளே சுருள்வில் முறுகும். கிரிகிரி என்று ஓடி முடிந்ததும் நீளமாக ஒருமுறை கிணுகிணுக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

தக்காளிக்குக் காரணம் உண்டு. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியக் கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது, இப்படியொரு தக்காளி டைமரைத் திருகிவைத்துப் படித்திருக்கிறார். அதிலிருந்து பிறந்த முறைக்கு, இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் பொமொடோரோ என்பதே பெயராயிற்று. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு; நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. இடையில் வேறு காரியத்துக்கு எழுந்துவிட்டால் அந்தச் சுற்று செல்லாது.

கைபேசியிலேயே டைமர் இருக்கிறதே என்று கேட்காதவர் இல்லை. இருக்கிறது. அதைத் தொடங்குவதற்காகக் கைபேசியை எடுத்து, அண்ணி அனுப்பிய கல்யாண வீடியோவை முழுவதும் பார்த்துவிட்டு, டைமரைத் தொடாமலேயே கீழே வைத்தவள் நான்.

இரண்டாவது வாரம் ஒரு சந்தேகம் வந்தது. சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 25இல் வைத்தால் 24 நிமிடத்திலேயே மணியடித்தது. ஐந்து முறை பார்த்தும் அதேதான். திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தபோது, குலசேகரத்திலிருந்து வந்திருந்த அப்பா தினத்தாளிலிருந்து தலையைத் தூக்கி, “இருபத்து நாலா? ஒரு நாழிகைக்குச் சரி” என்றார்.

உண்மைதான். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இத்தாலிக்காரர் ஒரு நிமிடம் கூட்டிவைத்துவிட்டார், அவ்வளவே. அன்றிலிருந்து என் நோட்டில் ‘சுற்று’ போய் ‘நாழிகை’ வந்தது. முடிந்த ஒவ்வொரு நாழிகைக்கும் ஒரு கோடு.

முதல் மாதக் கோடுகளை எண்ணியபோது முகம் சுருங்கிப்போயிற்று. நாள் முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம், உழைப்பதாகத்தான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டு சொன்னது நாளுக்குச் சராசரி ஏழு நாழிகை, மூன்று மணி நேரம்கூட இல்லை. மீதியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம். மூன்று ஆண்டுகள் கழித்து இப்போது பத்து நாழிகை வருகிறது. நாளுக்கு மூன்று நாழிகை, அதாவது 72 நிமிட லாபம். விளம்பரத்தில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் 10ஆம் தேதி இரவில் இப்போது தூங்குகிறேன்.

இந்த லாபத்தில் பாதிக்கு டைமர் காரணமில்லை. அப்பா காரணம்.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் முந்நூறு மரத்திலாவது பட்டையைக் கீறிப் பால் வெட்டிவிடுவார். இரவில் மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருக்கும். பால் தாராளமாக வடியும். வெயில் ஏறி இலை வழியாக நீர் ஆவியாகத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து ஒழுக்கும் குறைந்துவிடும். காலையில் தவறவிட்டதை மத்தியானம் இரண்டு மடங்கு நேரம் நின்றாலும் பிடிக்க முடியாது. நானோ டைமர் வாங்கிய முதல் ஆறு மாதம், பிற்பகல் இரண்டரை மணிக்கு, சம்பா அரிசிச் சோறும் மீன்குழம்பும் வயிற்றில் கிடக்க, வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று டைமர் சொல்லும். எந்த நேரம் என்று சொல்லாது. தலையைக் கசக்கும் வேலைகளை விடியலுக்கு முன்னால் கொண்டுபோனேன். நம் ஊரில் இது எளிது. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை. ஆனியிலும் மார்கழியிலும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கலாம். பிற்பகலுக்குப் பில் அடுக்குவது போதும்.

அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட இன்னொன்று ஒட்டுப்பால். பாலை எடுத்த பிறகும் பட்டையின் வெட்டிலும் பால் பிடிக்கும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சேர்த்து விற்பார்கள். பாலை உறையவைத்துச் செய்யும் ரப்பர் ஷீட்டின் விலை கிடைக்காது, ஆனாலும் காசுதான். மரச்சீனிக் கிழங்கு வேகும் நேரம், நாகர்கோவில் பஸ்ஸில் போகும் நேரம் எல்லாம் எனக்கு ஒட்டுப்பால். கடைக்காரர்களுக்குப் பதில் எழுதுவது, விடுபட்ட பில்லைக் கேட்பது அதில் முடிந்துவிடும். அதற்கு நோட்டில் கோடு கிடையாது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் டைமர் பதினான்கு மாதத்தில் செத்தது. தப்பு என்னுடையது. இந்த வகையை முதலில் 60 வரை முழுதாகத் திருகி, பிறகு வேண்டிய நிமிடத்துக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும்; நான் நேரே 25இல் நிறுத்திவந்தேன். வில் சரியாக முறுகாமல் சில நாள் மணியே அடிக்காது. பொறுமையிழந்து பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுக்குத் திருகியதில் உள்ளே ஏதோ வழுக்கிவிட்டது. பழுது பார்க்கக் கொண்டுபோனபோது கடிகாரக் கடைக்காரர் சிரித்தார். வில் இறுகியிருக்கும்போது வேகமாக இழுக்கும், தளரத் தளர சோம்பும், மலிவான பொருளில் நிமிடக் கணக்கு பார்க்காதீர்கள் என்றார். பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டில் இருப்பது தொங்கும் எடையால் ஓடும் கடிகாரம். எடை எப்போதும் ஒரே மாதிரிதான் இழுக்கும். அதை மேசையில் வைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

அடுத்தது சத்தம். கிரிகிரி எனக்குத் தாளம். பக்கத்து அறையில் தூங்கும் மாமியாருக்குத் தலைவலி. கீழே மடித்த துண்டு விரித்திருக்கிறேன்.

‘இடையில் எழுந்தால் செல்லாது’ என்ற விதியை எழுதியவர் வீட்டு வாசலில் மீன்காரர் ஹாரன் அடித்திருக்க மாட்டார். நெத்திலி வந்திருக்கிறது என்றால் நாழிகையாவது ஒன்றாவது. நோட்டில் அரைக்கோடு போட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்காருகிறேன். விதியை இறுக்கிப் பிடித்த மாதங்களில் எரிச்சல்தான் மிஞ்சியது.

மகளின் வீட்டுப்பாடத்துக்கும் வைத்துப் பார்த்தேன். அவள் கணக்கைப் பார்க்காமல் தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் நிறுத்திவிட்டேன். ஆள் வந்துபோகும் கடையில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய நேரம் அவர்கள் கையில் இல்லை. தனியாக உட்கார்ந்து படிப்பவர்கள், எழுதுபவர்கள், தொடங்குவதற்கே மலைப்பவர்கள் வாங்கலாம். வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை முழுதாகத் திருகி, மணி அடிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது வைத்திருப்பது இரண்டாவது டைமர், உலோக மூடி போட்டது. 25இல் வைத்தால் சரியாக 25இல் அடிக்கிறது. நான் 25க்கு ஒரு மயிரிழை முன்னால் வைக்கிறேன்.