இரண்டு குமிழா, பத்துப் பட்டையா?

வீட்டு ஆம்ப்ளிஃபயரில் பேஸ் (கனமான கீழ் ஒலி), ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) குமிழ்கள் இரண்டும் போதுமா? ஒலியைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கும் கிராஃபிக் ஈக்வலைசர் வேண்டுமா? இல்லை, போன் செயலிகளில் வரும் பாராமெட்ரிக் ஈக்வலைசரே மேலா? மூன்றையும் ஒரே ஹாலில், ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன்.

சத்தம் சரியில்லை என்று தோன்றினால் குறை பெரும்பாலும் ஒலிப்பதிவில் இருக்கும், இல்லாவிட்டால் அறையில் இருக்கும். ஒலிப்பதிவின் குறை பாட்டுக்குப் பாட்டு மாறும். அறையின் குறை எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். எந்தக் கருவி வேண்டும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

ஒலிப்பதிவின் குறைக்குக் குமிழ்களை மிஞ்ச ஆளில்லை. கேசட்டிலிருந்து மாற்றிய ஒரு பழைய கச்சேரி என்னிடம் இருக்கிறது. நாடாவின் இரைச்சல் தம்புராவோடு சேர்ந்து சீறும், வயலின் மேல்ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்தும். ட்ரெபிள் குமிழை நடுவிலிருந்து ஒரு துளி இடப்பக்கம் திருப்பினால் இரைச்சல் பின்வாங்குகிறது, பாடகரின் குரல் மட்டும் அப்படியே நிற்கிறது. இந்த நயத்துக்குக் காரணம் பீட்டர் பாக்ஸண்டல் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1952-ல் வெளியிட்ட மின்சுற்று. கொஞ்சமாகத் திருப்பினால் ஒலியின் இரு ஓரங்களை மட்டும் தொடும், நடுவில் இருக்கும் குரலை விட்டுவிடும். இன்றைக்கும் பல ஆம்ப்களில் இருப்பது அதன் வாரிசுகள்தான். அடுத்த பாட்டு வந்ததும் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம், இரண்டு நொடி வேலை.

அறை விஷயத்தில் குமிழ் தோற்றுப்போகிறது. என் ஹாலின் நீளம் 12 அடி. அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 47 அதிர்வு) அதன் இரட்டிப்பான 94 ஹெர்ட்ஸிலும் சுவர்களுக்கிடையே ஒலி தேங்கும். மிருதங்கத்தின் கனமான இடப்பக்கமான தொப்பியில் அடி விழும்போதெல்லாம், அந்த 94-ல் "கும்" என்று ஒரு வீக்கம் கேட்கும். பேஸைக் குறைத்தேன். வீக்கம் குறைந்தது, ஆனால் தொப்பியின் கனமும் கூடவே போய்விட்டது.

சரி, பத்துப் பட்டை வைத்துப் பார்ப்போம் என்று ஈக்வலைசரைப் போட்டேன். அதில் 31, 62, 125, 250 என்று பட்டைகள் இரட்டிப்பாகப் போகும். என் வீக்கமோ 94-ல், 62-க்கும் 125-க்கும் நடுவில்! இரண்டு பட்டையையும் இறக்கினால் வீக்கத்தோடு அக்கம்பக்கமும் காலியாகிறது. பத்து இருக்கிறதே என்ற தைரியத்தில் வாங்குகிறோம், நமக்கு வேண்டிய இடத்தில் ஒன்றும் இருப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் பட்டைகள் இரு ஓரமும் ஏறி, நடு இறங்கி, சிரித்த வாய் போல நிற்கும். அதில் அமுங்குவது பாடகரின் குரல். அதனால் கிராஃபிக் ஈக்வலைசருக்கு நான் காசு செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

பாராமெட்ரிக்கில் இடத்தையும் அகலத்தையும் நாமே குறிக்கலாம். 94 ஹெர்ட்ஸில் மட்டும் ஒலியைக் குறைத்துக் குறுகலாக ஒரு பள்ளம், 6 டெசிபல் ஆழம். தொப்பி சுத்தமாக, கனத்தோடு கேட்டது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு திரையைத் திறந்து எண் மாற்றிக்கொண்டிருந்தால் பாட்டு முடிந்துவிடும். அறைக்கு ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட வேண்டிய கருவி அது.

எதை வைத்திருந்தாலும் ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் நான்கு மடங்கு பவர் தரவேண்டும். 10 வாட்டில் நிம்மதியாக ஓடிய இடத்தில் 40 வாட் கேட்கும். சின்ன ஸ்பீக்கர் அங்கேதான் கரகரக்கும்.

லவுட்னஸ் பொத்தான் ராத்திரிக்கு. வால்யூம் குறைந்தால் நம் காதுக்கு பேஸ் அதைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும் என்பது ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டியது. பொத்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. காலையில் வால்யூமை ஏற்றும்போது மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சுவரை ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஒன்றரை அடி முன்னால் இழுத்து வைத்தேன். வீக்கத்தில் பாதி அப்போதே போய்விட்டது, பள்ளத்தின் ஆழம் இப்போது 3 டெசிபல் போதுமாக இருக்கிறது.