ப்ளஸ் ஒன் கணிதம்: மூன்று புத்தகங்களும் ஒரு யோசனையும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரே கேள்விதான். "சார், மேத்ஸ் எடுக்கவா, பிசினஸ் மேத்ஸ் போதுமா, இல்ல சிபிஎஸ்இக்கு மாத்திடலாமா?" காரைக்குடியில் பல வருஷமாக மேல்நிலைக் கணிதம் நடத்துகிறேன். இப்போது அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்த பிறகு, பாடத்திட்டம் மாறினால் எப்படி மாறவேண்டும் என்று எங்கள் ஆசிரியர் அறையில் தினமும் விவாதம். அங்கே அடிக்கடி எழும் யோசனை இது: ப்ளஸ் ஒன்னில் எல்லோருக்கும் ஒரே கணிதம் இருக்கட்டும், ப்ளஸ் டூவில் பிரித்துக்கொள்ளலாம். இது நல்லதா என்று சொல்வதற்கு முன்னால், இப்போது கையில் இருக்கும் புத்தகங்களை எடை போட்டுப் பார்க்கவேண்டும்.

மாநிலப் பாடத்திட்டக் கணிதம் கனமானது. ப்ளஸ் ஒன்னுக்கு 2018-19இலும் ப்ளஸ் டூவுக்கு 2019-20இலும் வந்த புத்தகங்கள்தான் இப்போதும் நடக்கின்றன. ப்ளஸ் டூவில் 12 அத்தியாயங்கள்: கலப்பு எண்கள், சமன்பாட்டியல், வெக்டர், பகுதி வகைக்கெழு, வகைக்கெழுச் சமன்பாடு என்று நீளும். பொறியியல் கட் ஆஃப் 200 மதிப்பெண்ணில் 100 இந்தப் பாடத்துக்குத்தான். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து மீதி 100. அதனால் எந்தக் கதவும் மூடக்கூடாது என்று நினைக்கிற பெற்றோர் இதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் புள்ளியியல் பக்கம் மெலிவு. நிகழ்தகவுப் பரவல் வரை வந்து நின்றுவிடும். கூறெடுப்பு, அதாவது ஒரு சிறு பகுதியைப் பார்த்து மொத்தத்தைக் கணிப்பது, கிடையாது. நேரியல் திட்டமிடல், அதாவது இருக்கிற வரம்புக்குள் லாபத்தைக் கூட்டும் கணக்கு, கிடையாது. கடன் தவணைக்கென்று தனிப் பாடமும் இல்லை.

வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியலை நம் ஊரில் 'மேத்ஸ் வராத பிள்ளைக்கு' என்று தள்ளிவைப்பது எனக்கு மனசு தாங்காத விஷயம். புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நிதியியல் கணிதம், ஒட்டுறவு, நேரியல் திட்டமிடல், எண்ணியல் முறைகள், கூறெடுப்பு, குறியீட்டெண், போக்குவரத்துக் கணக்கு, இவற்றோடு அணிகளும் தொகை நுண்கணிதமும் உண்டு. கலப்பு எண், வெக்டர் போன்றவை இல்லை. கேள்வித்தாள் அமைப்பும் இரண்டுக்கும் ஒன்றுதான்: எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று நின்று பார்க்காமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தக் குறையையும் முதல் புத்தகத்தின் குறையையும் ஒரே நாளில் நேரில் பார்த்தேன். ஆத்தங்குடியில் பூக்கல் என்கிற தரை ஓடு செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவரின் மகள், ப்ளஸ் டூ கணிதம். அப்பா வண்டிக்கு வாங்கிய கடனின் தவணை அட்டையைக் கொண்டுவந்தாள். "சார், 12 வட்டின்னுதான் சொன்னாங்க. சரியா இருக்கா?" கடன் 1,00,000 ரூபாய், 12 மாதம். கடன் கொடுத்தவர்கள் ஒரு வருஷ வட்டி 12,000 ரூபாயை அசலோடு சேர்த்து 12ஆல் வகுத்திருந்தார்கள். மாதம் 9,333 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதை அவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. குறையும் அசலுக்கு மாதம் 1 சதவீதம் என்று போட்டால் தவணை 8,885 ரூபாய்தான். வருஷத்துக்கு ஏறக்குறைய 5,380 ரூபாய் வித்தியாசம். அவர்கள் வாங்கியது உண்மையில் ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீத வட்டி.

ஒவ்வொரு உறுப்பையும் ஒரே எண்ணால் பெருக்கி அடுத்தது வரும் பெருக்குத் தொடரின் கூட்டல் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நிரூபணமே எழுதுவாள். ஆனால் 12 தவணைகளின் இன்றைய மதிப்பு அதே பெருக்குத் தொடர்தான் என்று யாரும் காட்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வணிகக் கணிதப் பையன் ஒரு நிமிஷத்தில் சூத்திரத்தில் போட்டு 8,885 சொன்னான். ஏன் அப்படி என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதினேன். அவன் தொடரைப் பிடித்தான், அவள் கடனைப் பிடித்தாள்.

வட்டிக் கணக்கு எங்கிருந்தோ இந்த ஊருக்கு வந்ததில்லை. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு என்று எண்சுவடியில் சொல்லிக்கொடுத்து, வட்டிக்கடைக்கு அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, போகிற பையன்களைப் பேரேடு எழுதப் பழக்கிய மண் இது. இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் ரங்கூனில் கூடி, அப்போதைக்கு நடக்கும் வட்டி விகிதமான நடப்பு வட்டியை நிர்ணயித்த காலம் உண்டு. இப்படிப்பட்ட மண்ணின் பிள்ளை வண்டிக் கடன் அட்டையைப் பார்த்து முழிப்பது எனக்கு வலிக்கிறது.

சிபிஎஸ்இ 2020-21இல் கொண்டுவந்த பயன்பாட்டுக் கணிதம் இந்த இடத்தில்தான் முந்துகிறது. ஜிஎஸ்டி, வருமான வரி, மின்கட்டணம், மாதத் தவணை, தேய்மானம், கூறெடுத்து முடிவுக்கு வருவது, எல்லாம் உண்டு. கணினியில் அட்டவணை போட்டுச் செய்யும் செய்முறைகளும் உண்டு. எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. படித்துப் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அது வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்காக வடிவமைத்தது. அதை எடுத்தால் வழக்கமான கணிதத்தைச் சேர்த்து எடுக்கமுடியாது. பொறியியல் ஆசை இருந்தால் ஒதுக்கிவைக்கவேண்டியதுதான். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் போவது எளிதும் இல்லை.

சரி, அந்த யோசனைக்கு வருவோம். எனக்கு அதில் சம்மதம்தான். 15 வயதில் ஒரு பிள்ளையிடம் கலப்பு எண்ணா, கடன் தவணையா என்று கேட்பது நியாயமில்லை. ப்ளஸ் ஒன்னில் சார்பு, தொடர், வகையிடல், நிகழ்தகவு எல்லோருக்கும் பொது. தொடரை ஒட்டியே தவணை, நிகழ்தகவை ஒட்டியே கூறெடுப்பு. ப்ளஸ் டூவில் ஒரு கிளை பொறியியலுக்கு, இன்னொன்று வணிகத்துக்கு. கனத்தைக் குறைக்கவேண்டும் என்றால் நீளநீளமான தொகையிடல் பயிற்சிகளைக் குறைக்கலாம். நிரூபணங்களில் கை வைக்கக்கூடாது.

என் பயம் வேறு. 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்ததே, பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி நேராக ப்ளஸ் டூ நடத்தியதால்தான். 2025-26இலிருந்து அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் பொதுக் கணிதம் முழுவதையும் ப்ளஸ் ஒன்னில் வைத்துவிட்டு, அந்த வருஷத்தை யாரும் நடத்தாமல் விட்டால், தொடரும் போகும், தவணையும் போகும். எந்தப் பாடத்திட்டம் வந்தாலும், ப்ளஸ் ஒன்னில் வாரத்துக்கு எத்தனை பீரியடு, வருஷக் கடைசியில் அதை எப்படிச் சோதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஆத்தங்குடிப் பெண்ணின் தம்பி இந்த ஜூனில் ப்ளஸ் ஒன் சேர்கிறான். கணிதமே எடு என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் வணிகக் கணிதப் புத்தகத்தின் நிதியியல் பாடத்தை அவனுக்கும் இன்னும் நாலு பேருக்கும் நடத்துவதாக ஏற்பாடு. அக்காவும் வருகிறேன் என்றாள். தவணை அட்டையோடு.