கடன் அட்டை, தவணைக் கடன், நகைக்கடன்: சிபில் மதிப்பெண்ணுக்கு எது நல்லது?

இதுவரை எவரிடமும் கடன் வாங்காதவர் முதன்முறையாக வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது, வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் அவருடைய கடன் அறிக்கையில், அந்தப் பழக்கத்தை எண்ணாகச் சொல்லும் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் வரலாறு இல்லை என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். வரலாறு இல்லாத ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பதாரரை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் பல வங்கிகள் வீட்டுக்கடனின் வட்டியையே மதிப்பெண்ணை ஒட்டி நிர்ணயிப்பதால், விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் சிக்கல் முழுதும் தீர்ந்துவிடுவதில்லை. வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கடன் வரலாற்றை உருவாக்கிக்கொள்ள முனைவது இதனால்தான். வங்கியில் போட்ட வைப்புநிதியை (எஃப்டி) ஈடாகக் கொடுத்துப் பெறும் கடன் அட்டை, சம்பளத்தை நம்பி வங்கி தரும் ஈடில்லாத அட்டை, கடையில் பொருள் வாங்கும்போதே எடுக்கும் தவணைக் கடன், நகைக்கடன் என நான்கு வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. நான்குமே அறிக்கையில் ஏறும் என்றாலும், ஏறும் விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

அறிக்கையைத் தயாரிப்பவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். அதைக் கணக்கிடும் துல்லியமான சூத்திரம் வெளியிடப்படுவதில்லை. ஆனால் எவற்றைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்ததே. கெடு தவறாமல் கட்டினீர்களா, கடன் அட்டையில் செலவழிக்கக் கொடுத்த வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்துகிறீர்கள், கணக்குகள் எவ்வளவு பழையவை, ஈடுள்ள கடனும் ஈடில்லாத கடனும் கலந்து இருக்கின்றனவா, அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டீர்கள் என்பவை அவற்றுள் முக்கியமானவை. வங்கியில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதற்கு இங்கே இடமில்லை.

தவணைக் கடனிலும் நகைக்கடனிலும் இல்லாத ஒரு தனித்தன்மை கடன் அட்டைக்கு உண்டு. தவணைக் கடனில் வாங்கிய தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும். அட்டையிலோ வரம்பு அப்படியே நிற்க, அதில் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்பது மாதந்தோறும் புதிதாக அளக்கப்படுகிறது. பெரும்பாலும் பில் போடப்படும் நாளின் நிலுவையே அறிக்கைக்குப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60,000 ரூபாய் வரம்புள்ள ஒருவர் மாதம் 45,000 ரூபாய்க்குச் செலவு செய்து, கடைசித் தேதிக்கு முன் ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் கட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைசா வட்டி கட்டாத அவருடைய அறிக்கையில் 75 சதவீதப் பயன்பாடு பதிவாகும். அதே மனிதர் பில் தேதிக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பாகவே 35,000 ரூபாயைச் செலுத்திவிட்டால், பில்லில் 10,000 மட்டுமே நிற்கும். பயன்பாடு 17 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். செலவும் வருமானமும் மாறவில்லை. பணம் கட்டிய நாள் மட்டுமே மாறியிருக்கிறது. 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது சட்டமன்று, அனுபவ வரையறை. ஆயினும் முதல் ஆண்டில் அதை ஒட்டி நடப்பது நல்லது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்குக் குறைந்தது இருமுறை தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், நல்லதும் கெட்டதும் முன்பைவிட விரைவாகவே அறிக்கைக்கு வந்துசேர்கின்றன.

வைப்புநிதி அட்டையும் சம்பள அட்டையும்

ஈடில்லாத அட்டைக்குச் சம்பளச் சீட்டோ வருமானவரிக் கணக்கோ தேவை. வரலாறே இல்லாதவரின் விண்ணப்பம் மறுக்கப்படுவது சாதாரணம். மறுக்கப்பட்டாலும், வங்கி அவருடைய கடன் அறிக்கையைப் பார்த்தது ஒரு விசாரணையாக அதில் பதிவாகிவிடும். ஒரு வங்கி மறுத்ததும் அடுத்தடுத்து நான்கு வங்கிகளில் விண்ணப்பிப்பவர், மதிப்பெண் பிறக்கும் முன்பே அதைக் காயப்படுத்துகிறார். (தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது, நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் நடப்பில் இருக்கிறது.)

வைப்புநிதி அட்டைக்கு வருமானச் சான்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. 25,000 ரூபாயை வைப்பில் போட்டால், வங்கியைப் பொறுத்து அதில் முக்கால் பங்கிலிருந்து முழுத்தொகை வரை வரம்பாகக் கிடைக்கலாம். வைப்புக்கு உரிய வட்டியும் தொடர்ந்து வரும். இல்லத்தரசிகள், படிப்பை முடித்த இளைஞர்கள், கணக்கு வைக்காமல் தொழில் செய்பவர்கள் ஆகியோருக்கு இதுவே பொருத்தமான வாசல் என்பது என் கருத்து. கணவரின் அட்டைக்குக் கூடுதல் அட்டையாக ஒன்றைப் பத்தாண்டு வைத்திருந்தாலும், அதன் பொறுப்பு முதன்மை அட்டைதாரருடையது என்பதால் மனைவியின் பெயரில் வரலாறு உருவாவதில்லை. அவர் பெயரிலேயே ஒரு சிறிய வைப்புநிதி அட்டை இருந்தால் உருவாகிறது.

இதன் குறை, வரம்பு சிறியது என்பதே. 20,000 ரூபாய் வரம்பில் 30 சதவீதம் என்பது வெறும் 6,000 ரூபாய். பெட்ரோலும் கைப்பேசிக் கட்டணமும் அதற்குள் அடங்கும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தையும் அதே அட்டையில் கட்டினால் அந்த மாதம் எல்லை மீறிவிடலாம். ரூபே அட்டையாக இருந்தால் யுபிஐ வழியாக மளிகைக் கடையிலும் பயன்படுத்தலாம் என்பது வசதிதான்; சிறு சிறு செலவுகள் கணக்கில்லாமல் சேர்வதும் அந்த வசதியால்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைப்பு ஈடாக இருக்கிறதே, கட்டாவிட்டால் வங்கி எடுத்துக்கொள்ளட்டும் என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். வங்கி எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அதுவரை தாமதமான நாட்கள் அறிக்கையில் மாதவாரியாகப் பதிவாகி 36 மாதங்கள் வரை தெரிந்துகொண்டிருக்கும்.

சம்பள அட்டையின் பலம் அதன் பெரிய வரம்பு. மேலே சொன்ன 45,000 ரூபாய்ச் செலவு 2 லட்சம் வரம்பில் 22.5 சதவீதம்தான், தேதி பார்த்துக் கட்டும் சிரமமே இல்லை. அந்த வரம்புதான் பலவீனமும். பில்லில் கொட்டை எழுத்தில் இருக்கும் குறைந்தபட்சத் தொகையை, பெரும்பாலும் நிலுவையில் 5 சதவீதம் அளவில் இருப்பதை, மட்டும் கட்டிவிட்டால் கணக்கு தாமதமானதாகப் பதிவாகாது. ஆனால் மீதித் தொகைக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி ஓடும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை. மதிப்பெண் ஓரளவு நன்றாக இருக்க, பணம் மட்டும் கரைந்துகொண்டிருக்கும் இந்த நிலையை அறிக்கையின் தாமதப் பத்தி காட்டிக்கொடுக்காது. மதிப்பெண் என்பது கடன் கொடுப்பவரின் வசதிக்காக உருவான அளவுகோல் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

தாமதம் என்றால் எத்தனை நாள் என்பதிலும் குழப்பம் உண்டு. கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால்தான் அதைத் தாமதமாக அறிவிக்கவும் அபராதம் விதிக்கவும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் நாட்கணக்கு தொடங்குவது கடைசித் தேதியிலிருந்துதான். எனவே நான்காவது நாளில் விழித்துக்கொள்பவருக்குச் சலுகை எதுவும் மிஞ்சுவதில்லை. பயன்படுத்தாமல் மறந்துபோன அட்டையில் 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் 90 ரூபாய் ஜிஎஸ்டியும் ஏறி, 590 ரூபாய்க்காக வரலாறு கறைபடுவதும் நடக்கிறது.

தவணைக் கடன்

கைப்பேசிக்கோ குளிர்சாதனப் பெட்டிக்கோ கடையிலேயே நிதி நிறுவனம் தரும் கடன், சற்று வேகமாகவே கிடைக்கிறது. இதில் வரம்புப் பயன்பாடு என்ற சிக்கலே இல்லை. மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்தால், பத்து மாதங்களில் பத்து நல்ல பதிவுகள் சேரும். ஒழுங்காகக் கட்டி முடித்த ஒரு கடன் அறிக்கைக்கு நிச்சயம் நல்லது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கடன் கணக்கு திறக்கப்படுவதால், தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என எடுப்பவரின் அறிக்கை சிறு கடன்களால் நிரம்பிவிடுகிறது; கணக்குகளின் சராசரி வயதும் குறைகிறது. சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போய்த் தவணை திரும்பிவிட்டால், அபராதத்தோடு பதிவும் வரும். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது. அந்த வட்டி செயல்முறைக் கட்டணத்திலோ விட்டுக்கொடுக்கப்படும் தள்ளுபடியிலோ இருக்கும்.

அட்டையில் வாங்கிய பொருளைத் தவணையாக மாற்றுவது இதிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலும் புதிய கடன் கணக்கு திறக்கப்படாமல், மீதித் தொகை அட்டையின் வரம்பையே அடைத்துக்கொண்டிருக்கும். சிறிய வரம்புள்ள வைப்புநிதி அட்டையில் இதைச் செய்வது, பல மாதங்களுக்குப் பயன்பாட்டை உச்சத்திலேயே நிறுத்திவைப்பதற்குச் சமம்.

நகைக்கடன்

நகைக்கடன் அவசரத்துக்கு ஏற்றது. மதிப்பெண்ணுக்காக எடுக்க வேண்டியது அன்று. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்தால் அறிக்கையில் ஏறும், தெருமுனை அடகுக்கடையில் வைத்தால் ஏறாது. நம் ஊரில் பலரும் எடுப்பது ஆண்டு முடிவில் அசலையும் வட்டியையும் ஒரே முறையில் கட்டும் வகை. மாதந்தோறும் கட்டும் பழக்கத்தைக் காட்ட அதில் வழியில்லை. கெடு தவறினால் மட்டும் தாமதம் தவறாமல் பதிவாகும். நகை ஏலத்துக்கும் போகலாம்.

என் தேர்வு

வரலாறே இல்லாதவருக்கு வைப்புநிதி அட்டையையும், வரலாறு கெட்டுப்போனவருக்கும் அதையே பரிந்துரைப்பேன். பழைய பாக்கியில் ஒரு பகுதியை வங்கி தள்ளுபடி செய்ய, மீதியைக் கட்டிக் கணக்கை முடித்தவர்களின் அறிக்கையில் செட்டில்டு என்ற குறிப்பு நிற்கும். முழுதும் கட்டி முடித்த குறிப்புக்கு இருக்கும் மரியாதை அதற்கு இல்லை. ஈடில்லாத அட்டை அவர்களுக்கு எளிதில் கிடைக்காது. நிலையான சம்பளம் உள்ளவருக்கு ஆண்டுக் கட்டணமில்லாத சம்பள அட்டை ஒன்றே போதும். முழுத்தொகையும் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் இருக்கலாம். குறைந்தபட்சத் தொகை கழியும் ஏற்பாட்டைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. தவணைக் கடனை, ஏதேனும் பொருள் உண்மையிலேயே தேவைப்பட்டால் ஒருமுறை எடுக்கலாம்.

பிறகு நல்ல அட்டை கிடைத்ததும் பழையதை மூட விரும்புபவர்கள் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 50,000, 1.5 லட்சம் என இரு வரம்புகள் உள்ளவர் 40,000 ரூபாய் செலவழித்தால் மொத்தப் பயன்பாடு 20 சதவீதம். பெரியதை மூடினால் அதுவே 80 சதவீதம். வைப்புநிதி அட்டையை மூடினால் ஈடாக வைத்த பணம் கைக்கு வரும் என்பதால் அதற்கு மட்டும் நியாயம் உண்டு. மூடக் கேட்டு, பாக்கி எதுவும் இல்லாத நிலையில் ஏழு வேலைநாட்களுக்குள் வங்கி மூடாவிட்டால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். மூடிய பிறகும் அறிக்கையில் கணக்கு திறந்ததாகவே காட்டினால், அந்தக் கடன் தகவல் நிறுவனத்திடமோ வங்கியிடமோ புகார் அளிக்கலாம். 30 நாட்களில் தீர்க்கப்படாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வீட்டுக்கடன் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது இந்தப் புகாரைத் தொடங்கினால்தான் திருத்தம் வங்கி மேலாளரின் திரைக்கு உரிய நேரத்தில் வந்துசேரும்.